அலைன்மென்ட் பார்க்கும் முன் ஆட்டம் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்துவிட்டால் டயர் கடைகளில் அலைன்மென்டுக்கு, அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்ய, கார்கள் வரிசைகட்டி நிற்கும். வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, ஸ்டியரிங் கோணலாக நிற்கிறது, டயரின் உள்ஓரம் தேய்கிறது என்று ஆளுக்கொரு புகார். கடைக்காரர் நான்கு சக்கரத்திலும் கருவியை மாட்டுவார், திரையில் சிவப்பாக இருப்பதைப் பச்சையாக்குவார், ஒரு தாளை அச்செடுத்துக் கையில் கொடுப்பார். ஒரு மாதம் போனால் மறுபடி அதே புகார். ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் மூட்டு தேய்ந்து ஆட்டம் (தளர்வு) கண்டிருந்தால், அதன் மேல் வைத்த அளவு நிற்காது என்பதுதான் விஷயம். சிறிய கார் ஒன்றின் டை ராட் எண்டில் (சக்கரத்தைத் திருப்பும் ராடின் வெளிமூட்டு) 2 மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால், சக்கர விளிம்பில் அது 5 மில்லிமீட்டர் வரை டோ (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கும் அளவு) வித்தியாசமாக விரியும். கம்பெனி அனுமதிப்பதோ பெரும்பாலும் 1 அல்லது 2 மில்லிமீட்டர்தான். மேடையில் நிற்கும்போது ஒரு டோ, சாலையில் ஓடும்போது வேறொரு டோ. அச்செடுத்த தாளுக்கு அப்புறம் என்ன மதிப்பு?

இதில் சட்டமும் பெரிய துணையில்லை. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-ஆவது விதி, ஸ்டியரிங் வீலில் வெற்று ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கிறது. கேட்பதற்குக் கறாராகத் தோன்றும். ஆனால் 370 மில்லிமீட்டர் விட்டமுள்ள சாதாரண கார் ஸ்டியரிங்கில் 30 டிகிரி என்பது விளிம்பில் சுமார் 97 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட நாலு விரற்கடைக்கும் மேல். மாருதி கார்களோடு தரும் கையேட்டைப் புரட்டினால் அனுமதி 0 முதல் 30 மில்லிமீட்டர் வரை என்று இருக்கும். அந்த அளவைப்போல மூன்று மடங்கு ஆடும் வண்டியும் விதிப்படி தப்பித்துவிடும். லாரி, பஸ் என எல்லாவற்றுக்கும் சேர்த்து எழுதிய அளவு இது. பினியன் என்ற சிறு பற்சக்கரம் ரேக் என்ற பல்லுள்ள தண்டை இடம் வலமாக நகர்த்தும் ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங் உள்ள இன்றைய காருக்குப் பொருந்தாது. போதாக்குறைக்கு, சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டு செல்லும் என்பதால் அதுவரை இந்த ஆட்டத்தை அரசாங்கத் தரப்பில் யாரும் தொட்டுப் பார்ப்பதே இல்லை. டாக்ஸிகளாவது முதல் 8 ஆண்டு இரண்டாண்டுக்கு ஒருமுறையும் அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்குப் போகின்றன.

அதே விதியில் இருக்கும் இன்னொரு வரியை யாரும் கண்டுகொள்வதில்லை. ஸ்டியரிங் பால் ஜாயின்டுகளுக்கு (கிண்ணத்துக்குள் உருண்டை சுழலும் மூட்டுகள்) ரப்பர் உறை இருக்க வேண்டும், போல்டும் பின்னும் கழன்றுவிடாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது அது. நடைமுறையில் 30 டிகிரியை விட இந்த வரிதான் உயிரைக் காக்கும். ரப்பர் கிழிந்து மழைநீரும் மண்ணும் புகுந்தால் மூட்டின் ஆயுள் சில மாதம்தான். சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறங்கி ஏறிய கார் என்றால் இதை இன்னும் சீக்கிரம் பார்க்க வேண்டும்.

கார் உரிமையாளரும் பட்டறையில் வேலை பழகும் பிள்ளைகளும் ஆட்டத்தைக் கண்டுபிடிக்கும் முறையைத் தெரிந்துகொண்டால், "ஸ்டியரிங் பாக்ஸ் போச்சு, மொத்தமா மாத்தணும்" என்ற ஒற்றை வரித் தீர்ப்புக்குப் பயப்பட வேண்டியதில்லை. சில நூறு ரூபாய் டை ராட் எண்டுக்கும் பல ஆயிரம் ரூபாய் ரேக்குக்கும் உள்ள வித்தியாசம் அரை மணி நேரச் சோதனையில் தெரிந்துவிடும்.

முதலில் காற்று. நான்கு டயரிலும் கதவோரத் தகட்டில் போட்டிருக்கும் அளவு காற்று இருக்க வேண்டும். அதன்பிறகும் வண்டி ஒரு பக்கம் இழுத்தால் முன் டயர்கள் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். இழுப்பு திசை மாறினால் குற்றம் டயரில். ஸ்டியரிங்கில் கை வைக்கவே வேண்டாம். ஒரே திசையில் மட்டும் உருள வேண்டிய அம்புக்குறி டயர்களில் இதைச் செய்யக் கூடாது. டயர் மேல் உள்ளங்கையைக் குறுக்காகத் தடவிப் பார்ப்பதும் நல்ல சோதனை. ஒரு பக்கமாகத் தடவினால் வழுக்கி, எதிர்ப்பக்கமாகத் தடவினால் ரம்பப் பல் போல் உறுத்தினால் டோ கெட்டிருக்கிறது. 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் ஸ்டியரிங் நடுங்குவது பெரும்பாலும் பேலன்சிங் கோளாறு. ஆனால் பேலன்சிங் செய்த பிறகும் நடுக்கம் மிச்சமிருந்தால் மூட்டு லூசாகி அதைப் பெரிதாக்குகிறது என்று கொள்ளலாம்.

அடுத்தது, வண்டி தரையில் நிற்கும்போதே செய்யும் சோதனை. எல்லா சோதனையிலும் இதுதான் பெரியது. பெரும்பாலான கடைகளில் தவறவிடுவதும் இதைத்தான். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, சாவியைத் திருப்பி ஸ்டியரிங் பூட்டை மட்டும் விடுவியுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் இரண்டு அங்குலம் சட்சட்டென்று ஆட்டட்டும். இன்னொருவர் முன் சக்கரத்தின் பின்னால் கையை விட்டு ஒவ்வொரு மூட்டையும் விரலால் பிடித்துப் பார்க்க வேண்டும். டை ராட் எண்டு தேய்ந்திருந்தால், ராடு நகர்ந்த பிறகே சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் நகரும். நடுவில் 'டொக்' என்று விரலில் தட்டும். காதைவிட விரல் இதில் நம்பகமானது, ஏனென்றால் சத்தம் இரும்பு வழியாகப் பரவி எங்கிருந்து வருகிறது என்று ஏமாற்றும். பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் எஞ்சின் அணைந்திருக்கும்போது ஸ்டியரிங் வீலில் தெரியும் ஆட்டம் முழுவதும் தேய்மானம் ஆகாது. உள்ளே இருக்கும் டார்ஷன் பார் முறுக்கிக் கொடுப்பதும் அதில் சேரும். எனவே மூட்டை விரலால் பார்க்க எஞ்சின் அணைந்திருக்கலாம். வீலில் 30 மில்லிமீட்டரை அளக்கும்போது எஞ்சின் ஓட வேண்டும்.

இதற்குப் பிறகுதான் ஜாக்கி. ஜாக்கியில் தூக்கி, சேசிஸுக்கு ஸ்டாண்டு கொடுத்து, சக்கரம் தொங்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே தலையைக் கொடுப்பவருக்கு இந்தக் கடிதம் எந்த உதவியும் செய்ய முடியாது. சக்கரத்தைக் கடிகார முள் 3, 9 இடங்களில் பிடித்து ஆட்டினால் டை ராடு, ரேக் பக்கத்து ஆட்டம் தெரியும். 12, 6 இடங்களில் பிடித்து ஆட்டினால் லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழிருந்து சேசிஸோடு இணைக்கும் கை) பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். இரண்டு வாக்கிலும் ஒரே மாதிரி ஆடினால் பேரிங் மேல் சந்தேகம் கொள்ளலாம். உள்ளே ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் மூட்டு. பால் ஜாயின்டை உறுதிசெய்ய லோயர் ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவில் லிவரைக் கொடுத்து மேலும் கீழும் நெம்ப வேண்டும். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக இருக்கும் மெக்ஃபர்சன் ஸ்டரட் வண்டியில் இந்த மூட்டு எடையைச் சுமப்பதில்லை என்பதால் சக்கரம் தொங்கும்போதுதான் ஆட்டம் வெளிப்படும். ஆர்முக்குக் கீழே ஜாக்கி வைத்துப் பார்ப்பவர் 'நல்லாத்தான் இருக்கு' என்று சொல்லிவிடுவார்.

ரேக்குக்குள் ஒளிந்திருக்கும் உள்மூட்டைப் பலர் பார்ப்பதே இல்லை. ரேக் எண்டு என்று கடைகளில் கேட்டால் தருவார்கள். ரப்பர் பூட்டு (மூட்டை மூடியிருக்கும் மடிப்பு உறை, ஆங்கிலத்தில் 'பூட்') மிருதுவாக இருந்தால், சக்கரத்தை 3, 9-இல் ஆட்டச் சொல்லிவிட்டு பூட்டோடு சேர்த்து மூட்டை அழுத்திப் பிடித்தால் ஆட்டம் கையில் தெரியும். கடினமான பிளாஸ்டிக் பூட்டு என்றால் கிளிப்பைத் தளர்த்தி நகர்த்தித்தான் பார்க்க வேண்டும். அப்படி நகர்த்தும்போது உள்ளே தண்ணீரோ துருக்கறையோ இருந்தால் முடிவு தெரிந்துவிட்டது. ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங் வண்டியில் பூட்டுக்குள் எண்ணெய் தேங்கியிருந்தால் ரேக்கின் சீல் போய்விட்டது என்று அர்த்தம்.

வேகத்தடையிலும் கப்பிச் சாலையிலும் 'கடகட' என்று சத்தம் வரும், ஆனால் மேலே சொன்ன மூட்டுகளில் ஆட்டம் இருக்காது. நம் ஊரில் ஸ்டியரிங் வலப்பக்கம் என்பதால் பினியன் வலதில் இருக்கும். இடது கோடியில் ரேக்கைத் தாங்குவது ஒரு புஷ், அதாவது வளைய உறை. இடது டை ராடை ரேக்கை ஒட்டிப் பிடித்து மேலும் கீழும் தள்ளுங்கள். அங்கே தட்டினால் அந்த புஷ்தான் தேய்ந்திருக்கிறது. பல மாடல்களுக்குப் புஷ் தனியாகக் கிடைக்கும்போது முழு ரேக்கை விற்பது நியாயமில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ரேக்கே பக்கவாட்டில் நகர்ந்தால் அதைப் பிடித்திருக்கும் ரப்பர் போயிருக்கும், அல்லது கிளாம்பு போல்டு லூசாகியிருக்கும்.

காலடியில், பெடலுக்குப் பக்கத்தில் தட்டும் சத்தம் வந்தால் ஸ்டியரிங் ஷாஃப்டின் யுனிவர்சல் ஜாயின்டைப் பாருங்கள். பல நேரம் ஜாயின்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, அதை இறுக்கும் சின்ன போல்டுதான் தளர்ந்திருக்கும். ஒரு ஸ்பேனரில் தீரும் வேலை. வண்டி நிற்கும்போது திருப்பினால் ஸ்பிரிங் 'டொய்ங்' என்று துள்ளுகிறது, வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் வீல் தானாக நேரே வரவில்லை என்றால் ஸ்டரட்டின் மேல் மவுண்ட் பேரிங்.

ஸ்டியரிங் கனமாக இருக்கிறது என்ற புகாரில்தான் அதிகப் பணம் வீணாகிறது. இரண்டு டை ராட் எண்டுகளையும் நக்கிளிலிருந்து கழற்றிவிட்டால் வழக்கு இரண்டாகப் பிரிந்துவிடும். ஸ்டியரிங் வீலைத் திருப்பிப் பாருங்கள். நக்கிளைத் தனியாகக் கையால் திருப்பிப் பாருங்கள். எது இறுக்கமோ அந்தப் பக்கம் தேடினால் போதும். எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் வண்டியில் அதற்கும் முன்பாக பேட்டரி வோல்டேஜையும் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இனி டை ராட் எண்டு மாற்றும் வேலை. லாக் நட்டைத் தளர்த்துவதற்கு முன், மரையில் நட்டு நிற்கும் இடத்தில் பெயின்டால் ஒரு கோடு போட்டுவிட வேண்டும். துருப்பிடித்த மரைக்குத் துருநீக்கி எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். கேஸ் வைத்துக் காய்ச்சக் கூடாது. பக்கத்திலிருக்கும் ரேக் பூட்டு உருகும், இன்றைய பால் ஜாயின்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் இருக்கையும் இளகிவிடும். ஸ்பிளிட் பின்னை எடுத்துவிட்டு நட்டைக் கழற்றினாலும் ஸ்டட்டு (மூட்டின் மரைபோட்ட தண்டு) லேசில் வெளியே வராது, ஏனென்றால் அது கூம்பாகக் கடைந்தது. கூம்புக்குள் கூம்பு கடித்துக்கொண்டிருக்கும். நட்டை இரண்டு மரை விட்டுவைத்து புல்லர் போட்டு அழுத்தினால் 'டப்' என்று விடும். புல்லர் இல்லாவிட்டால் நக்கிளின் காதில் (ஸ்டட்டு நுழையும் துளையுள்ள பகுதி) ஒரு பக்கம் கனமான சுத்தியலை அணைத்துப் பிடித்து, எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியலால் அடிப்பார்கள். அடி விழ வேண்டியது காதில். ஸ்டட்டின் தலையில் அடித்தால் மரை நசுங்கிப் பழைய மூட்டை மறுபடி போடும் வாய்ப்பே போய்விடும். இரண்டு கொம்புள்ள முள்ளைச் செருகி நெம்பினால் ரப்பர் கிழியும். எடுத்துப் போடப்போகும் மூட்டுக்கு அது பரவாயில்லை, வேறு வேலைக்காகக் கழற்றும் நல்ல மூட்டுக்கு அது செய்யக் கூடாத வேலை.

பழைய எண்டைத் திருகி எடுக்கும்போது சுற்றுகளை எண்ணிக்கொள்ளுங்கள். புதியதை அதே எண்ணிக்கையில் ஏற்றுங்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து நீளம் ஒன்றுதானா என்று பார்த்தபிறகுதான் இந்த எண்ணிக்கைக்கு அர்த்தம். இதோடு அலைன்மென்ட் தேவையில்லை என்று சிலர் சொல்வது தவறு. மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர் என்றால், ஒரு சுற்றுப் பிசகு 13 அங்குல விளிம்பில் கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர் டோ. எண்ணிக்கை என்பது வண்டியை அலைன்மென்ட் கடைவரை ஓட்டிப் போவதற்கு மட்டும்தான்.

புது ஸ்டட்டையும் நக்கிளின் துளையையும் துணியால் துடைத்து, கிரீஸ் இல்லாமல் உலர்வாகச் செருக வேண்டும். நட்டை இறுக்கும்போது ஸ்டட்டும் சேர்ந்து சுற்றினால் கீழிருந்து லிவரால் அழுத்திப் பிடித்தால் கூம்பு கடித்துக்கொள்ளும். இறுக்கும் அளவு சிறிய கார்களில் 25 முதல் 50 நியூட்டன் மீட்டர் வரை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அந்த வண்டியின் கையேட்டில் உள்ளதே இறுதி. தலையில் பள்ளம் வெட்டிய கேசில் நட்டின் பள்ளம் பின் துளைக்கு நேராக வராவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கி நேராக்க வேண்டும், ஒருபோதும் தளர்த்தி நேராக்கக் கூடாது. ஸ்பிளிட் பின் புதியது. பழையதை நிமிர்த்திப் போடுவதும், கம்பியை வளைத்துச் செருகுவதும், 'நட்டு டைட்டா இருக்கு சார்' என்று பின்னே போடாமல் விடுவதும் மேலே சொன்ன 98-ஆவது விதிக்கே விரோதம். நைலான் வளையமுள்ள நட்டு வந்தால் அது ஒருமுறை பயன்பாட்டுக்கு மட்டும்.

ரேக் எண்டு மாற்றும்போது ரப்பர் பூட்டை விலக்கி, லாக் வாஷரின் மடிப்பை நிமிர்த்தி, ரேக்கின் தட்டையான பகுதியில் ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டுதான் மூட்டைத் திருப்ப வேண்டும். ரேக்கைப் பிடிக்காமல் திருப்பினால் அந்த முறுக்கு முழுதும் பினியன் பல்லில் போய் விழும். புது வாஷரை மறுபடி மடித்துவிட வேண்டும். லோயர் ஆர்ம் மாற்றினால் அதன் புஷ் போல்டுகளை லேசாகப் பிடித்துவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கிய பிறகே இறுதியாக இறுக்க வேண்டும். தொங்கும்போதே இறுக்கிவிட்டால் ரப்பர் எந்நேரமும் முறுக்கிய நிலையில் நின்று சில மாதங்களில் கிழியும். அப்புறம் 'டூப்ளிகேட் பார்ட்' என்று கடைக்காரர் மேல் பழி.

அலைன்மென்ட் கடையில் நடக்கும் ஒரு சின்ன அலட்சியமும் உண்டு. டோ சரிசெய்ய டை ராடைத் திருப்பும்போது பூட்டின் வெளிமுனைக் கிளிப்பைத் தளர்த்துவதில்லை. ராடோடு சேர்ந்து பூட்டு முறுக்கிக்கொள்ளும், ஸ்டியரிங் ஒடிக்கும் ஒவ்வொரு முறையும் மடிப்பு இழுபட்டுக் கிழியும், அடுத்த மழையில் ரேக்குக்குள் தண்ணீர். அளவைச் சரிசெய்யப் போன இடத்திலேயே அடுத்த செலவுக்கு விதை போட்டாயிற்று. இரண்டு பக்க ராடையும் சமமாகத் திருப்பாமல் ஒரே பக்கத்தில் அளவைக் கொண்டுவருவதால்தான் ஸ்டியரிங் கோணலாக நிற்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

மூன்று வேலைகளை வாடிக்கையாளர் கண்டிப்பாக மறுக்க வேண்டும். ஒன்று, ஆட்டம் எங்கே என்று பார்க்காமல் ரேக்கின் அட்ஜஸ்டர் திருகை இறுக்குவது. ரேக் எப்போதும் நடுப்பகுதியில்தான் அதிகம் தேயும். நடுவில் ஆட்டம் போகும்வரை இறுக்கினால் தேயாத இரு ஓரங்களிலும் பிடித்துக்கொள்ளும். வளைவில் திருப்பிய ஸ்டியரிங் திரும்பி வராது. இரண்டு, தேய்ந்த பால் ஜாயின்டை லேத் பட்டறையில் பிரஸ் செய்து இறுக்கிக் கொண்டுவருவது. கிண்ணத்தின் விளிம்பை நசுக்கினால் ஆட்டம் அடங்கினாற்போல் தெரியும், தேய்ந்த உருண்டை வளர்ந்துவிடாது. ஓடும்போது அது கழன்றால் சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பிக்கொள்ளும். பிரேக்கைத் தவிர ஓட்டுநர் கையில் ஒன்றுமிருக்காது. மூன்று, ஏர்பேக் உள்ள வண்டியில் ஸ்டியரிங் வீலைக் கட்டாமல் ரேக்கை இறக்குவது. ஷாஃப்ட் விடுபட்டதும் யாராவது வீலைச் சுற்றிவிட்டால் உள்ளே சுருண்டிருக்கும் கிளாக் ஸ்பிரிங் கேபிள் அறுந்து ஏர்பேக் விளக்கு எரியும். 2019 ஜூலை முதல் புதிய கார்களில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம் என்பதால் இனி பட்டறைக்கு வரும் வண்டிகளில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கும். சக்கரத்தை நேராக வைத்து, சாவியை எடுத்துப் பூட்டி, சீட் பெல்ட்டை வீலுக்குள் விட்டுக் கட்டினால் போதும்.

போக்குவரத்துத் துறைக்கு ஒரு கோரிக்கை: கார்களுக்கு 30 டிகிரி என்ற பொது அளவை விட்டு, தயாரிப்பாளர் கையேட்டில் சொன்ன அளவையே சோதனை அளவாக வைக்க மத்திய அரசிடம் எழுத வேண்டும். டயர் கடைகளுக்கு எழுத்துமூல உத்தரவு தேவையில்லை. அலைன்மென்ட் தாளின் தலைப்பில் இடது வெளிமூட்டு, வலது வெளிமூட்டு, இரு உள்மூட்டுகள், இரு பால் ஜாயின்டுகள், ரப்பர் பூட்டு என்று ஒரு வரிசை அச்சிட்டு, கருவியை மாட்டும் முன் 'ஆட்டம் உண்டு, இல்லை' என்று குறித்துக் கொடுத்தால் போதும். ஆட்டம் உண்டு என்று குறித்த வண்டிக்கு அலைன்மென்ட் செய்து பணம் வாங்கக் கூடாது. பட்டறைகள் கழற்றிய பாகத்தை வாடிக்கையாளர் கேட்காமலே கையில் தர வேண்டும். ஸ்டட்டை விரலால் அசைத்துப் பார்த்தால் மாற்ற வேண்டியதுதானா இல்லையா என்று அவருக்கே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஸ்டியரிங், சஸ்பென்ஷன் வேலை பார்க்கும் வாசகர்,
மதுரை.